பழைய காரில் பவர் ஸ்டீயரிங் கோளாறு: ராக்கை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

என் காரின் ஸ்டீயரிங் கனக்கத் தொடங்கியபோது அதற்கு 14 வயது. ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவும் ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்ப் போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். கனம் குறையவில்லை. அப்படியானால் ராக்தான், அதாவது ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பாகம்தான் என்றார்கள், அதையும் மாற்றினேன். ஸ்டீயரிங் அப்படியே இருந்தது. மூன்றாவதாகப் பார்த்த மெக்கானிக் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே இல்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டீயரிங்கை மெதுவாகச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடங்களில் கை இடறியது. ஸ்டீயரிங் தண்டையும் ராக்கையும் இணைக்கும் சின்ன யுனிவர்சல் ஜாயிண்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. நான் மாற்றிய இரண்டு உதிரிபாகங்களோடு ஒப்பிட்டால் அந்த ஜாயிண்ட்டின் விலை ஒன்றுமே இல்லை.

அந்தப் பணமும் அலைச்சலும் உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ள படிகளைச் செலவில்லாததில் தொடங்கிச் செலவு அதிகமானதில் முடியும்படி வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். கார் வேலையே தெரியாதவர்கள்கூட முதல் ஏழு படிகளில் பெரும்பாலானவற்றை ஒரு விடுமுறை நாள் காலையில் செய்துவிடலாம். அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவீர்கள்.

1. உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

பானெட்டைத் திறந்து பாருங்கள். ஸ்டீயரிங் படம் போட்ட மூடியுடன் ஒரு சின்ன ஆயில் டப்பா இருந்து, இன்ஜின் பெல்ட்டால் சுழலும் பம்ப் ஒன்றும் இருந்தால் அது ஹைட்ராலிக் வகை. டப்பா இருக்கிறது, ஆனால் பெல்ட்டில் ஓடும் பம்ப் இல்லை என்றால், பம்பை மின் மோட்டார் ஓட்டுகிறது. இது எலக்ட்ரோ ஹைட்ராலிக். டப்பாவே இல்லையென்றால் அது முழு எலக்ட்ரிக் ஸ்டீயரிங். அதில் ஆயிலே கிடையாது.

சந்தேகமாக இருந்தால் காரோடு வந்த உரிமையாளர் கையேட்டைப் பாருங்கள். ஆயில் அளவுகள் பட்டியலில் பவர் ஸ்டீயரிங் ஆயில் இருந்தால் ஹைட்ராலிக். எலக்ட்ரிக் ஸ்டீயரிங் உள்ள கார் வைத்திருப்பவர்கள் 2 முதல் 5 வரை உள்ள படிகளைப் படித்துவிட்டு நேரே 11-க்குப் போகலாம்.

2. இப்போது காரை ஓட்டலாமா?

ஸ்டீயரிங் கனமாக இருப்பது ஒன்று, தளர்வாக இருப்பது வேறு. பவர் உதவி முழுவதும் போனாலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையிலான இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும். பலம் கொடுத்துத் திருப்பலாம். மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். தளர்வு அப்படியல்ல. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் அசைத்தும் சக்கரம் அசையவில்லை, குழியில் இறங்கும்போது 'டக்' என்று அடிக்கிறது என்றால், ஏதோ ஒரு ஜாயிண்ட் கழன்றுபோகும் நிலையில் இருக்கலாம். அந்தக் காரை ஓட்டாதீர்கள், இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

ஓட்டக் கூடாத நிலை இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, கசியும் ஆயில் சூடான சைலன்சர் குழாய் மீது விழுவது. அது தீப்பிடிக்கலாம். இன்னொன்று, பெல்ட் அறுந்துபோவது. பல கார்களில் ஒரே பெல்ட்தான் பவர் ஸ்டீயரிங் பம்ப், ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் ஓட்டுகிறது. ஸ்டீயரிங் திடீரென்று கனத்து, அதே நேரத்தில் பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் திருப்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தால், போகும் வழியில் இன்ஜின் கொதித்துவிடும்.

3. ஒரு காகிதத்தில் எழுதுங்கள்

மெக்கானிக்கிடம் 'ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னதுதான் நான் செய்த முதல் தவறு. எப்போது கனக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, இவற்றுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள்.

நிறுத்துமிடத்தில் திருப்பும்போது மட்டும் கனத்து, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்ததும் சரியாகிறதா? ஆயில் குறைவு, பெல்ட் வழுக்கல், பம்ப் பலவீனம் ஆகிய மூன்றில் ஒன்று.

காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் கனத்து, சூடானதும் சரியாகிறதா? ராக்கின் உள்ளே வால்வைச் சுற்றியுள்ள சீல்கள் (ஆயில் கசிவைத் தடுக்கும் வளையங்கள்) தேய்ந்திருக்கலாம். ஆயில் பழசாகிக் கெட்டியாகியிருந்தாலும் இப்படி வரும். அதனால் முதலில் ஆயிலை மாற்றிப் பாருங்கள்.

ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கனமா? பம்ப் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது. ஆகவே சந்தேகம் ராக்கின் மீதும் அதன் வால்வின் மீதும் போகிறது. அதற்கு முன் இரண்டு முன் டயர்களின் காற்றையும் பாருங்கள்.

திருப்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பி வரவில்லையா? இது பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங் கோளாறே அல்ல. யுனிவர்சல் ஜாயிண்ட், பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்ப இடம் கொடுக்கும் உருண்டை மூட்டு), ஸ்ட்ரட்டின் (முன் சக்கரத்தின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் பேரிங் இவற்றில் ஏதோ ஒன்று இறுகியிருக்கும். என் காரில் இந்த அறிகுறி முதல் நாளிலிருந்தே இருந்தது. அதைக் கவனித்துச் சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

சத்தத்தையும் எழுதுங்கள். கிறீச் என்று கத்தினால் பெல்ட். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் முனகலோ ஊளையோ வந்தால் ஆயில் குறைவு அல்லது ஆயிலில் காற்று. திருப்பும்போது டக் டக் என்றால் ஜாயிண்ட்.

நிறுத்துமிடத்தில் திருப்பும்போது இன்ஜினே நின்றுவிடுகிறதா? பல ஹைட்ராலிக் கார்களில் ஸ்டீயரிங் அழுத்தம் கூடியதும் இன்ஜின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லும் பிரஷர் சுவிட்ச் ஒன்று பம்பிலோ குழாயிலோ இருக்கும். அதன் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

4. டயர் காற்று

ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் காற்றழுத்தம் எவ்வளவு என்று போட்டிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்கு நிரப்புங்கள். காற்று குறைந்த முன் டயர் ஒன்றே ஸ்டீயரிங்கைக் கனக்க வைக்கும். கார் வாங்கியபோது இருந்ததைவிட அகலமான டயர் போட்டிருந்தாலும் கனக்கும். அதற்கு ரிப்பேர் எதுவும் இல்லை.

5. இன்ஜினை நிறுத்திவிட்டுச் செய்யும் சோதனை

இந்த ஒரு படிக்காகத்தான் முழுக் கட்டுரையையும் எழுதுகிறேன். கோளாறு பவர் உதவியிலா அல்லது வெறும் இரும்பிலா என்று இது பிரித்துக் காட்டிவிடும்.

முதலில் தரையில் வைத்தே ஒன்று. இன்ஜின் நின்றிருக்க, ஸ்டீயரிங் பூட்டு விலகும்படி சாவியைத் திருப்புங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் பிடித்த உடனே கைக்குக் கீழே ஸ்டீயரிங் இளகி, கொஞ்சம் நகர வேண்டும். இளகினால் பவர் உதவி வருகிறது என்று பொருள். எந்த மாற்றமும் இல்லையென்றால் உதவியே வரவில்லை.

அடுத்தது ஜாக்கி சோதனை. சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, கையேடு காட்டும் இடங்களில் இரண்டு ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்குக் கீழே கையைக்கூட நீட்டாதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்தச் சோதனையை ஒர்க்‌ஷாப்பில் உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள்.

இன்ஜின் ஓடக் கூடாது. ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். வேகமாகத் திருப்பினால் ஹைட்ராலிக் காரில் டப்பாவிலிருந்து ஆயில் தெறிக்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரியான, சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும்.

சீராக இருக்கிறது என்றால் இரும்பு நன்றாக இருக்கிறது. கோளாறு ஆயில், பெல்ட், பம்ப், வால்வு இந்தப் பக்கம்தான். அடுத்த படிக்குப் போங்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் அதே இடங்களில் இறுகி, நடுவில் இளகினால் யுனிவர்சல் ஜாயிண்ட். மிதிபலகைகளுக்குப் பின்னால் தரையோடு ஒட்டி ஒன்று, இன்ஜின் அறைப் பக்கம் ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு இருக்கும். தண்ணீரும் சேறும் படுகிற கீழ் ஜாயிண்ட்தான் அடிக்கடி இறுகும். துருவைத் தளர்த்தும் எண்ணெயைத் தெளித்துப் பாருங்கள். ஒரு நாளில் ஸ்டீயரிங் இளகினால் நோய் எது என்பது உறுதியாகிவிடும். ஆனால் அதையே வைத்தியமாக நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை துருவேறிய ஊசி பேரிங் மறுபடியும் இறுகும். ஜாயிண்ட்டை மாற்றத்தான் வேண்டும்.

சுற்று முழுக்கக் கனமாக இருந்தால், ராக்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராட் எண்ட்கள் இரண்டையும் சக்கரத்திலிருந்து கழற்றிவிட்டு மறுபடி திருப்பச் சொல்லுங்கள். இப்போது இளகிவிட்டால் குற்றவாளி சக்கரத்தின் பக்கம் இருக்கிறது: பால் ஜாயிண்ட் அல்லது ஸ்ட்ரட்டின் மேல் பேரிங். இன்னும் கனமாகவே இருந்தால் ராக் அல்லது ஸ்டீயரிங் தண்டு. கழற்றிய டை ராட் எண்ட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். தொளதொளவென்று ஆடினாலும் கெட்டது, அசையவே மறுத்தாலும் கெட்டது.

மேல் பேரிங்கைப் பார்க்க இன்னொரு வழி உண்டு. காரை இறக்கிவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இன்னொருவர் முன் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். சுருள்களுக்கு இடையில் விரல் போகக் கூடாது. ஸ்பிரிங் சீராகச் சுழல வேண்டும். தேங்கித் தேங்கி 'டங்' என்று விடுபட்டால் மேல் பேரிங் போய்விட்டது.

6. ஆயில்: அளவு, நிறம், நுரை

டப்பாவில் சூடான நிலைக்கு ஒரு கோடும் குளிர்ந்த நிலைக்கு ஒரு கோடும் இருக்கும். சில கார்களில் மூடியிலேயே அளவுக் குச்சி இருக்கும். கார் எந்த நிலையில் இருக்கிறதோ அந்தக் கோட்டைப் பாருங்கள். இந்த ஆயில் எரிந்து குறைவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

ஒரு வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பாகிக் கருகிய வாடை வந்தால் பழைய ஆயில். கறுப்புத் துகள்கள் தெரிந்தால் ஹோஸ் அல்லது சீலின் ரப்பர் உதிர்கிறது. மினுமினுக்கும் உலோகத் தூள் தெரிந்தால் பம்ப் உள்ளே அரைபடுகிறது. பால் போல வெளுத்திருந்தாலோ நுரைத்திருந்தாலோ காற்றோ தண்ணீரோ கலந்திருக்கிறது.

நுரையும் முனகலும் சேர்ந்து வந்தால் பம்பை மாற்றிவிடாதீர்கள். டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ஹோஸில் அழுத்தம் கிடையாது, உறிஞ்சல்தான். அதன் கிளாம்ப் தளர்ந்தாலோ, பம்ப் வாயில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வயதாகிக் கெட்டிப்பட்டாலோ ஆயில் வெளியே வராது. காற்று உள்ளே போகும். கீழே ஒரு சொட்டுக்கூட இருக்காது, பம்ப் மட்டும் ஊளையிடும். பம்ப் செத்துவிட்டது போலவே கேட்கும். ஆனால் ஓ-ரிங் ஒன்றும் கிளாம்ப் ஒன்றும் போட்டாலே சத்தம் போய்விடக்கூடும்.

சில டப்பாக்களின் அடியில் வலை வடிகட்டி இருக்கும். அது அடைத்துக்கொண்டால் பம்புக்கு ஆயில் பத்தாமல் இதே முனகல் வரும். டப்பாவைக் கழற்றிக் கழுவுங்கள். வலை கிழிந்திருந்தாலோ அழுக்கு போகவில்லை என்றாலோ டப்பாவையே மாற்றுங்கள்.

எந்த ஆயில் ஊற்றுவது? கையேட்டிலோ டப்பாவின் மூடியிலோ எழுதியிருப்பதை மட்டும். பல பழைய கார்கள் தானியங்கி கியருக்கான சிவப்பு ஏ.டி.எஃப். ஆயிலையே பவர் ஸ்டீயரிங்குக்கும் பயன்படுத்துகின்றன. சில தயாரிப்பாளர்கள் தங்களுக்கென்று தனி ஆயில் வைத்திருக்கிறார்கள். வேறு சில கார்களுக்கு சி.எச்.எஃப். எனப்படும் பச்சை நிற ஹைட்ராலிக் ஆயில். இவற்றை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. முன்பு வைத்திருந்தவர் என்ன ஊற்றினார் என்பது உங்களுக்குத் தெரியாது.

பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது இந்த அமைப்பின் ரப்பர் சீல்களை உப்ப வைத்துக் கெடுக்கும். தவறி ஊற்றிவிட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டப்பாவில் இருப்பதை முழுவதும் உறிஞ்சி எடுத்து, டப்பாவைக் கழுவிய பிறகு மற்ற வேலை.

7. பெல்ட்டும் கசிவும்

இன்ஜின் நிற்கும்போது பெல்ட்டைப் பாருங்கள். வெடிப்பு, பளபளப்பு, ஆயில் கறை எது இருந்தாலும் மாற்றுங்கள். தானாக இறுகும் டென்ஷனர் இல்லாத காரில், நீளமான பகுதியின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அமுங்கலாம். சரியான அளவு உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். சத்தம் நிற்கவேண்டும் என்று பெல்ட்டை மிகையாக இறுக்கினால் பம்பின் பேரிங் போகும்.

கசிவைத் தேட, பம்ப், ஹோஸ்கள், ராக் எல்லாவற்றையும் முதலில் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அழுக்கின் மேல் தேடினால் கீழே வழிந்த ஆயிலைத்தான் பார்ப்பீர்கள், ஊற்றைப் பார்க்க மாட்டீர்கள். ஒரு நாள் ஓட்டிவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தின் மிக உயரமான புள்ளிதான் ஊற்று.

அழுத்த ஹோஸில் ரப்பரும் இரும்பும் சேரும் வளையத்தில் ஈரம் இருந்தால் ஹோஸ். பம்பின் புல்லிக்குப் பின்னால் ஈரம் இருந்தால் பம்பின் தண்டு சீல். ராக்கின் இரண்டு முனைகளிலும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை இருக்கும். அதன் கிளாம்பைத் தளர்த்தி, உள்ளே ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஆயில் சேர்ந்திருந்தால் ராக்கின் சீல் போய்விட்டது. ராக் மாற்றுவதற்கு உண்மையான காரணங்களில் இது ஒன்று.

இன்ஜின் ஓடும்போது அழுத்த ஹோஸ் அருகே கையால் தடவிக் கசிவைத் தேடாதீர்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஹோஸுக்குள் அழுத்தம் 70, 80 பார் வரை ஏறும், சில கார்களில் 100 பாருக்கும் மேல். ஊசித் துளையிலிருந்து அந்த அழுத்தத்தில் பாயும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கசிவை நிறுத்தும் மருந்து என்று விற்கும் பாட்டில்கள் சீலை உப்ப வைக்கின்றன. லேசாகக் கசியும் சீலுக்குச் சில காலம் தாக்குப்பிடிக்கலாம். வெடித்த ஹோஸுக்கோ தேய்ந்த பம்புக்கோ அது எதையும் செய்யாது. நான் இரண்டு பாட்டில் ஊற்றினேன். உங்களுக்கு வேண்டாம்.

8. பம்பா, ராக்கா? அழுத்த மானி சொல்லும்

இதுவரை எதுவும் சிக்கவில்லையென்றால், யார் என்ன சொன்னாலும் அழுத்தச் சோதனை செய்யாமல் பம்பையோ ராக்கையோ வாங்காதீர்கள். இதற்கென்று ஒரு மானியும் அதோடு ஆயில் ஓட்டத்தை மூடித் திறக்கும் ஒரு திறப்பானும் சேர்ந்த கருவி உண்டு. பம்புக்கும் அழுத்த ஹோஸுக்கும் இடையில் அதை மாட்டுவார்கள். நல்ல ஒர்க்‌ஷாப்பில் இது இருக்கும். இல்லையென்று சொல்லும் இடத்தில் பம்பை மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆயில் சூடான பிறகு, இன்ஜின் மெதுவாக ஓடும்போது திறப்பானை ஐந்து விநாடிக்கு மேற்படாமல் மூடுவார்கள். அப்போது மானி காட்டுவது பம்பின் முழு பலம். சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவைவிடக் குறைவாக இருந்தால் பம்ப் அல்லது அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் அதன் ரிலீஃப் வால்வு. அளவு சரியாக இருந்தால் திறப்பானைத் திறந்துவிட்டு, ஸ்டீயரிங்கைக் கோடி வரை ஒடித்து அதேபோலச் சில விநாடி பிடிப்பார்கள். இப்போது அழுத்தம் முன்பளவுக்கு ஏறவில்லையென்றால் ராக்கின் உள்ளே ஆயில் கசிந்து திரும்பிப் போகிறது. இரண்டு அளவையும் கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு சர்ச்சை வந்தால் அந்தத் துண்டுக் காகிதம்தான் உங்கள் ஆதாரம்.

9. ஆயில் மாற்றுவதும் காற்றை வெளியேற்றுவதும்

எளிய முறை: பெரிய சிரிஞ்சால் டப்பாவில் இருப்பதை உறிஞ்சி எடுத்து, புதிய ஆயிலை ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி அதையே செய்யுங்கள். நான்கு முறை செய்தால் பெரும்பகுதி புதிதாகிவிடும். எதையும் கழற்ற வேண்டாம். ஆயில் வெறுமே பழசாகியிருந்தால் இது போதும்.

பம்பையோ ராக்கையோ மாற்றினால் இது போதாது, முழுவதும் கழுவ வேண்டும். முன் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்குங்கள். டப்பாவுக்குத் திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். டப்பாவில் அந்த ஹோஸ் இருந்த வாயை மூடி அடைத்துவிடுங்கள். இன்ஜின் நின்ற நிலையிலேயே ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு கோடிக்கும் மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் டப்பா காலியாகாமல் புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலில் விழும் ஆயில் தெளியும்வரை செய்யுங்கள். பெரும்பாலான கார்களுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும். இரண்டு லிட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காற்று. இதில்தான் பலர் அவசரப்பட்டுப் புது பம்பைக் கெடுக்கிறார்கள். ஹோஸை மாட்டி, டப்பாவை நிரப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே கோடிக்குக் கோடி இருபது முறை மெதுவாகத் திருப்புங்கள். குமிழி வரும், அளவு இறங்கும், நிரப்பிக்கொண்டே இருங்கள். குமிழி நின்ற பிறகே ஸ்டார்ட். இன்ஜின் ஓடும்போதும் மெதுவாகச் சில முறை திருப்புங்கள். கோடியில் பிடித்து நிறுத்தாதீர்கள். ஆயில் நுரைத்தால் உடனே இன்ஜினை நிறுத்தி, சில மணி நேரம், முடிந்தால் ஒரு இரவு, அப்படியே விடுங்கள். நுரை தானாக அடங்கும்.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள: இன்ஜின் ஓடும்போது அளவைக் குறித்துக்கொண்டு, நிறுத்திய பிறகு மறுபடி பாருங்கள். நிறுத்தியதும் மட்டம் 5 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். பாட்டிலில் மூடி, இன்ஜின் ஆயிலைச் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

10. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்: செலவும் காகிதங்களும்

செலவு ஏறும் வரிசை ஏறக்குறைய இப்படி: கிளாம்ப், ஓ-ரிங், ஆயில், பெல்ட், டை ராட் எண்ட், யுனிவர்சல் ஜாயிண்ட், அழுத்த ஹோஸ், பம்ப், ராக். ராக்கின் கூலிக்கு எல்லை சொல்வது கடினம். சில கார்களில் நான்கு போல்ட்டில் கழன்றுவிடும். சிலவற்றில் இன்ஜினைத் தாங்கும் சப்ஃபிரேமையே இறக்க வேண்டும். வேலையைக் கொடுக்கும் முன் உதிரிபாகம், கூலி, ஆயில், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். முதல் மதிப்பீட்டில் அலைன்மென்ட்டை விட்டுவிட்டுப் பிறகு சேர்ப்பது வழக்கம்.

நேரம்: பெல்ட் அரை மணியிலிருந்து ஒரு மணி. ஹோஸ் இரண்டு மணி. பம்ப் அரை நாள். ராக்குக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். துருப்பிடித்த கார் என்றால் இரண்டு.

ராக் வாங்க நான்கு வழிகள். புதியது விலை அதிகம். மறுசீரமைத்தது நடுத்தரம், பழைய ராக்கைத் திருப்பிக் கொடுக்கும்வரை ஒரு முன்பணம் பிடித்து வைப்பார்கள், எனவே பழையதை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிடாதீர்கள். உடைத்த காரிலிருந்து எடுத்தது மலிவு, ஆனால் அதன் சீல்களுக்கும் உங்கள் காரின் வயதுதான். சீல் கிட் போட்டு உங்கள் ராக்கையே சரிசெய்வது நான்காவது. உள்ளே இருக்கும் தண்டில் துருக்குழியோ கீறலோ இல்லையென்றால் மட்டும் இது நிற்கும். கீறல் இருந்தால் புது சீலையும் சில மாதத்தில் அறுத்துவிடும்.

வாங்கும் முன் காரின் சேசிஸ் எண்ணையும் பழைய ராக்கில் இருக்கும் பார்ட் நம்பரையும் கொடுத்துச் சரிபாருங்கள். ஒரே மாடல் காரிலேயே வருடத்துக்கு வருடம் ராக் மாறியிருக்கும். வலப்பக்க ஓட்டுநர் காருக்கும் இடப்பக்க ஓட்டுநர் காருக்கும் ராக் வேறு. வந்ததும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, குழாய் வாய்கள், பற்கள், நீளம் மூன்றையும் பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள்.

மறுசீரமைத்த பம்ப், ராக் இரண்டுக்கும் உத்தரவாத அட்டையில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: குழாய்களைக் கழுவியிருக்க வேண்டும், சரியான ஆயில் ஊற்றியிருக்க வேண்டும். அதனால் பில்லில் 'முழு ஆயில் மாற்றம், குழாய் கழுவியது' என்ற வரியும் ஆயிலின் பெயரும் இருக்கட்டும். வாயால் சொன்னது உத்தரவாதத்தில் செல்லாது. நிபந்தனைக்காக மட்டும் சொல்லவில்லை. செத்த பம்ப் உதிர்த்த உலோகத் தூள் குழாயில் தங்கியிருந்தால் புது ராக்கையும் அது தின்றுவிடும்.

வேலை நடக்கும்போது இவற்றைக் கேளுங்கள்: ஸ்டீயரிங் நேராக, சுற்றாதபடி கட்டப்பட்டிருக்கிறதா? ராக்கைக் கழற்றிய நிலையில் ஸ்டீயரிங் சுழன்றுவிட்டால் அதன் உள்ளே இருக்கும் ஏர்பேக்கின் சுருள் கம்பி அறுந்துபோகும். அது ஒரு தனிச் செலவு. டை ராட் எண்ட்டைக் கழற்றும் முன் மரைகளை எண்ணிக்கொண்டார்களா? குழாய் இணைப்புகளில் புது வாஷர், புது ஓ-ரிங் போடுகிறார்களா? யுனிவர்சல் ஜாயிண்ட் கழன்று கையில் இருக்கும்போதே அதை எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள். என் ராக்கைக் கழற்றிய அன்று யாராவது இதைச் செய்திருந்தால் போதும், பழைய ராக்கையே திரும்ப மாட்டியிருக்கலாம்.

11. எலக்ட்ரிக் ஸ்டீயரிங் என்றால்

முதலில் பேட்டரி. மோட்டார் நிறைய மின்சாரம் இழுக்கும். மின்னழுத்தம் குறைந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி உதவியைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். கார் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் அளவிலும், இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட்டும் இருக்க வேண்டும். பேட்டரி முனைகளையும், காரின் உடம்போடு இணையும் எர்த் கம்பியையும் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஸ்டீயரிங்குக்கென்று இருக்கும் பெரிய ஃபியூஸையும் பாருங்கள்.

அடுத்து ஸ்கேன். காரின் கணினியில் பதிந்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓ.பி.டி. கருவிகளில் மலிவானவை பல இன்ஜின் கோளாறுகளை மட்டுமே படிக்கும். ஸ்டீயரிங் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் 'கோளாறு இல்லை' என்று காட்டும். ஸ்டீயரிங் குறியீடுகள் பெரும்பாலும் 'சி' என்ற எழுத்தில் தொடங்கும். அதைப் படிக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். குறியீட்டை எழுதிக்கொள்ளாமல் அழிக்க விடாதீர்கள்.

குறுகலான இடத்தில் பல முறை ஒடித்து ஒடித்து நிறுத்திய பிறகு கனத்து, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியானால் அது கோளாறல்ல. மோட்டார் சூடாகித் தன்னைக் காத்துக்கொள்கிறது. மோட்டாரையோ தண்டையோ மாற்றினாலும், சில கார்களில் பேட்டரியைக் கழற்றினாலும், ஸ்டீயரிங்கின் நடு நிலையைக் கருவி வைத்துப் பதிய வேண்டும். அதையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

12. வேலை முடிந்த பிறகு

ராக்கையோ டை ராட்டையோ தொட்டிருந்தால் அன்றே அலைன்மென்ட். அச்சிட்ட அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். நேரான சாலையில் ஓட்டும்போது ஸ்டீயரிங் நேராக இருக்கிறதா, திருப்பிவிட்டால் தானாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

முதல் வாரம் தினமும் காலையில் ஆயில் மட்டத்தையும், கார் நின்ற இடத்தில் சொட்டு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதற்கு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வைத்தால் போதும். புது ஹோஸ் இணைப்பில் லேசான ஈரம் தெரிந்தால் தள்ளிப்போடாமல் அதே வாரம் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். உத்தரவாத நாளும் பில்லும் கையில் இருக்கும்போது கேட்பது எளிது. ஸ்டீயரிங்கைக் கோடி வரை ஒடித்து அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த நேரம் முழுவதும் பம்ப் தன் உச்ச அழுத்தத்தில் ஆயிலைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும். கோடியைத் தொட்டதும் ஒரு விரல் அளவு பின்னுக்கு விட்டால் அந்த அழுத்தம் இறங்கிவிடும்.